நாலு கடைக்காக 11,000 வரி கோட்: வைத்திருப்பதா, தூக்குவதா?

பில்லிங்வேளச்சேரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஆறு பேர் கம்பெனி. கோட் எழுதுவது நானும் இன்னொரு பையனும்தான். மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை வைத்துத்தான் எல்லோருக்கும் சம்பளம். எங்கள் முதலாளி 1996-ல் டாஸில், ஃபாக்ஸ்ப்ரோவில், தனியாளாக எழுத ஆரம்பித்தது. 2002 வாக்கில் விபி 6. 2016-ல் நான் சேர்ந்ததிலிருந்து டாட்நெட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஒன்பது வருஷமாக ‘மாற்றிக்கொண்டே’. இப்போது 163 கடை. பாதிக்கு மேல் பாரிமுனையைச் சுற்றித்தான். மீதி அம்பத்தூர், செங்குன்றம், காஞ்சிபுரம் என்று சிதறிக் கிடக்கிறது.

ப்ராஜெக்டுக்குள் ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர். 11,000 வரிக்கு மேல். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் என் அவஸ்தை புரியும்.

சரக்குப் பெயர், பார்ட்டி பெயர் எல்லாம் முன்பு டாம் எழுத்தில் இருந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு கம்ப்யூட்டரில் தமிழைச் சேமிக்க டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்ததே, அதில் ஒன்று. அரசே 2010-ல், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு வந்துவிட்டது. நாங்களும் இரண்டு வருஷம் கழித்து வந்தோம். ஆனால் யூனிகோடிலிருந்து திரும்ப டாமுக்கு மாற்றும் கோட் மட்டும் சாகவில்லை. காரணம், ராத்திரி 9 மணிக்கு அன்றைய விற்பனை முழுவதையும் டாம் எழுத்தில் ஒரு டிபிஎஃப் ஃபைலாக (ஃபாக்ஸ்ப்ரோ காலத்து டேட்டா ஃபைல்) எழுதிவைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. யாருக்காக? முதலாளியைக் கேட்டால், “யாராவது வச்சிருப்பாங்கம்மா” என்கிறார்.

அப்புறம் வரி. 2006 வரைக்குமான விற்பனை வரிக்கு ஒரு கணக்கு, 2007 ஜனவரி 1 முதல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. மூன்றும் இருக்கிறது. மூன்றும் ஒரே ரவுண்ட் ஆஃப் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. பழைய பில்லைத் திறந்தால், அந்தக் காலத்து விகிதத்தில் மறுபடி கணக்குப் போட்டுத்தான் திரையில் காட்டும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது எனக்கு ஒன்பது நாள் போனது. புது கோடுக்கு மூன்று நாள்தான். மீதி ஆறு நாள் பழசோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஆடிட்டர் சொன்னார் என்று ரவுண்ட் ஆஃபையும் கையோடு சரிசெய்தேன். உடனே 2009-ல் போட்ட 4,312 ரூபாய் பில் 4,313 என்று காட்ட ஆரம்பித்தது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. பழைய பில்லுக்கு மட்டும் தனி ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இது போக, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரடியாகக் குறியீடு அனுப்பித் தமிழ் அடிக்கும் கோட். திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். கமென்ட் கிடையாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘ண சரியில்லை, பிறகு பார்க்கவும்’ என்று இருக்கிறது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு லாக் போட்டேன். ‘பழசு’க்குள் யார் நுழைந்தாலும் எங்களுக்கு ஒரு வரி வந்துவிடும். அக்டோபர் முடிய ஐந்து மாதம். ராத்திரி டிபிஎஃப் வேலை ஓடுவது நாலு கடையில். டாட் மேட்ரிக்ஸும் அதே நாலு கடையில்தான். கையால் டிபிஎஃப் எடுக்கும் மெனு ஒன்றும் உண்டு. அதை ஒருவர்கூடத் தொடவில்லை.

“தூக்கிடலாம்க்கா” என்கிறான் பையன். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை. 2019-ல் ஒரு தடவை பட்டுவிட்டேன். ‘இந்தக் காலத்தில் டாம் எதற்கு’ என்று அந்த டிபிஎஃப் வேலையில் மட்டும் எழுத்து மாற்றத்தை எடுத்துவிட்டு யூனிகோடிலேயே எழுதவைத்தேன். டிபிஎஃப்பில் சரக்குப் பெயருக்கு ஒதுக்கியிருந்தது 30 பைட். டாமில் ‘கொத்தமல்லி’ பத்து பைட்டுக்குள் அடங்கிவிடும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் அதே சொல் பத்துக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் சரியாக முப்பது. ‘கொத்தமல்லி விதை’யும் ‘கொத்தமல்லி தூள்’ளும் இரண்டுமே ‘கொத்தமல்லி’ என்று வெட்டுப்பட்டு, அந்த ஃபைலைப் படித்துக்கொண்டிருந்த ஆடிட்டர் பக்கத்து சாஃப்ட்வேர் இரண்டையும் ஒரே சரக்காகச் சேர்த்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து கடைக்காரர் போனில் கேட்டார்: “விதையும் தூளும் உனக்கு ஒண்ணாம்மா? விலையப் பாத்தியா?” எல்லாவற்றையும் பழையபடி போட்டு, மேலே ‘தொடாதே’ என்று நானே ஒரு கமென்ட் எழுதிவைத்தேன். அந்தக் கடை பிறகு கைமாறி எங்களைவிட்டுப் போய்விட்டது. கமென்ட் இருக்கிறது.

இதே மாதிரி நாள்பட்ட ப்ராஜெக்டில் இருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? எதை வைத்து ‘இது செத்துவிட்டது’ என்கிறீர்கள்? கடைக்காரர்களுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

ரீபேஸ்ராஜா எழுதியது:

அக்கா, சிம்பிள். 163-ல நாலு. தூக்கிட்டு ரிலீஸ் பண்ணுங்க. யாரு போன் பண்றாங்களோ அவங்கதான் யூஸர். யாரும் பண்ணலன்னா யாருமே இல்லன்னு அர்த்தம். பெருங்குடில எங்க கம்பெனில மாசத்துக்கு ஒண்ணு இப்படித்தான் போகுது. கத்துவாங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும். கோட் எங்கயும் ஓடிப்போகாது, பழைய வெர்ஷன் எல்லாம் சேத்து வைக்கிற கிட்லதான் கிடக்கும்.

பில்லிங்வேளச்சேரி எழுதியது:

உங்கள் யூஸர் கத்தினால் டிக்கெட் வரும். எங்கள் யூஸர் கத்தினால் முதலாளி வீட்டு லேண்ட்லைன் அடிக்கும். அதுகூடப் பரவாயில்லை தம்பி. கத்தாமல் இருந்தால்தான் பயம். 2019-ல் இரண்டு மாதம் ஒருத்தரும் கத்தவில்லை, பார்த்தீர்கள்தானே.

கர்னல்படிப்பவன் எழுதியது:

ராஜா சொல்வது இணையதளத்துக்குச் சரி. எல்லோரும் ஒரே சர்வரில் இருக்கிறார்கள், இன்று மாற்றி நாளை திருப்பிப் போட்டுவிடலாம். கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேருக்கு அந்த வசதி ஏது?

லினக்ஸில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக வைத்திருக்கும் சட்டம் ஒன்று: அதன் உள்மையமான கர்னலுக்குள் என்ன வேண்டுமானாலும் உடையுங்கள், மேலே ஓடும் ப்ரோக்ராம் மட்டும் உடையக் கூடாது. அதே லினக்ஸ்தான் இன்டெலின் பழைய 386 சிப்புக்கான ஆதரவைத் தூக்கியும் எறிந்தது. 1991-ல் லினஸ் முதன்முதலில் கர்னல் எழுதியதே 386 மெஷினில்தான். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 வெர்ஷனில் அது போய்விட்டது. இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு சிப்புக்காக மற்ற இடங்களில் சுற்றிவளைத்து எழுத வேண்டியிருந்தது, புது கர்னலை அதில் ஓட்டவும் அநேகமாக ஆளில்லை, வைத்திருப்பவர்களுக்குப் பழைய கர்னல் இருக்கவே இருக்கிறது. உங்கள் வரிக் கணக்கு இந்த ரகம் என்று தோன்றுகிறது. டிபிஎஃப் முதல் ரகம். எனவே 11,000 வரிக்கும் ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள்.

முன்னறிவிப்பு பற்றி: ப்ரோக்ராம் மொழியான பைதானில், பைதான் 3 வந்தது 2008 டிசம்பர். பைதான் 2-க்கு முதலில் 2015 என்று நாள் குறித்தார்கள். யாரும் நகரவில்லை, 2020 ஜனவரி 1-க்குத் தள்ளினார்கள். பதினோரு வருஷம். நாள் குறிப்பதால் மட்டும் யாரும் மாறுவதில்லை. மாறுவதற்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எனக்கு இது கைவந்த எரிச்சல். டாமிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் உங்கள் கோடை எந்த வருஷம் எழுதினார்கள் என்று பாருங்கள். யூனிகோடில் ஶ என்ற எழுத்து 2005-ல் வந்த 4.1 வெர்ஷனில்தான் சேர்ந்தது. அதற்கு முன் ‘ஸ்ரீ’யை ஸ-வை வைத்து எழுதினோம், பிறகு ஶ-வை வைத்து எழுதச் சொன்னார்கள். பெரும்பாலான ஃபாண்டில் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கொ, கோ போன்றவற்றை இரண்டு விதமாகச் சேமித்திருந்தால் நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், சரியாகிவிடும். ஸ்ரீ அப்படிச் சரியாகாது, நீங்களே கையால் மாற்ற வேண்டும். யூனிகோட்காரர்கள் பழசை ஒருநாளும் எடுக்க மாட்டார்கள். ஆய்த எழுத்துக்கு அவர்கள் பட்டியலில் இன்றுவரை ‘தமிழ் விசர்க’ என்றுதான் பெயர். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை, அதனால் பக்கத்தில் ஆய்தம் என்று குறிப்பு எழுதியதோடு சரி.

டாட்பிராம்ப்ட் எழுதியது:

அம்மா, நான் 1988-லிருந்து 2014 வரை இதே பிழைப்பு. டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ. இப்போது நங்கநல்லூரில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். உங்கள் முதலாளியை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் கோட் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நானும் அப்படித்தான் எழுதினேன்.

முதலில் அந்த ஒரு ரூபாய். ஃபாக்ஸ்ப்ரோவில் ரவுண்ட் போட்டால் 50 காசு மேலே போகும். விபி 6-ன் ரவுண்ட் அப்படிச் செய்யாது. சரியாக 50 காசு வந்தால் இரட்டைப்படை எண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தள்ளும். உங்கள் 2009 பில் 4,312.50 ஆக இருந்திருக்கும், விபி 4,312 என்று முடித்திருக்கும். அதுவே 4,313.50 ஆக இருந்திருந்தால் 4,314. டாட்நெட்டும் சும்மா விட்டால் விபி மாதிரியேதான். அதனால்தான் இத்தனை வருஷம் தெரியவில்லை. செப்டம்பரில் நீங்கள் 50 காசை மேலே தள்ளச் சொன்னீர்கள், 2009 பில் எழுந்து நின்றுவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன்: 2002-க்கு முந்தைய ஃபாக்ஸ்ப்ரோ பில்களில் இதே மாதிரி ஒரு ரூபாய் குறைவாக இத்தனை காலம் காட்டிக்கொண்டிருந்திருக்கும். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, பழைய பில்லை மறுபடி கணக்குப் போடச் சொன்னது யார்? கடைக்காரர் அன்றைக்கு 4,312 வாங்கிக் கல்லாவில் போட்டார், கதை முடிந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு 40 எம்பி டிஸ்க். இடம் மிச்சம் பிடிக்க விலை, எடை, விகிதம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தொகையைத் திறக்கும்போது போட்டுக்கொள்வோம். அந்தக் கஞ்சத்தனத்துக்கு நீங்கள் இன்னும் வட்டி கட்டுகிறீர்கள். பழைய கோடை ஒரே ஒரு தடவை, கடைசித் தடவையாக, ஓட்டுங்கள். ஒவ்வொரு பில்லின் ஒவ்வொரு வரிக்கும் வந்த தொகையை அப்படியே எழுதிவையுங்கள். பில் மொத்தத்தைப் பார்ட்டி லெட்ஜரில் ஏறிய தொகையோடு ஒத்துப் பாருங்கள். லெட்ஜரில் இருப்பது அன்றைக்கே ஏறியது, அதை எந்த ரவுண்டும் மாற்றியிருக்காது. உதைத்தால் லெட்ஜர் சொல்வதுதான் சரி. இது முடிந்துவிட்டால் விற்பனை வரிக் கணக்கும் வாட் கணக்கும் யாருக்கும் வேண்டாம். பில்லைப் படித்துக் காட்டினால் போதும். ஜிஎஸ்டி விகிதத்தையும் கோடுக்குள் எழுதாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு டேபிளில் போடுங்கள். வாட் காலத்திலேயே 2011-ல் நாலு அஞ்சாச்சு, பன்னிரண்டரை பதினாலரை ஆச்சு. அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கடை கடையாகக் கோட் மாற்றியவன் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் லாக். ஜூனிலிருந்து அக்டோபர் வரை என்கிறீர்கள். மார்ச் எங்கே அம்மா? கடைக்காரனுக்கு வருஷம் முடிவது மார்ச்சில். கையால் எடுக்கும் மெனுவை ஐந்து மாதம் யாரும் தொடவில்லை என்றால், அந்த ஐந்து மாதம் வேலை இல்லை என்றுதான் அர்த்தம். அதோடு, ஃபைல் எழுதப்படுகிறது என்பதுவரைதான் உங்கள் லாகுக்குத் தெரியும். வாசலில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு உள்ளே காபி குடிப்பது யார் என்று தெரியுமா? நாலு கடைக்கும் நேரில் போங்கள். போனில் கேட்டால் “நல்லா ஓடுது, விட்டுடுங்க” என்பார்கள்.

அந்த எண்கள் பக்கம் பக்கமாக இருக்கிறதே, அவை எழுத்துகள். பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. 24 ஊசி ஹெட். ஒவ்வொரு எழுத்தையும் கிராஃப் பேப்பரில் புள்ளி வைத்து வரைந்து, ஒரு நெடுவரிசைக்கு 24 புள்ளி, அதாவது மூன்று பைட், என்று எண்ணாக்கி, பிரிண்டரை ஆன் செய்ததும் உள்ளே இறக்கிவிட வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான். என் மனைவி எனக்கு லு, லூ எல்லாம் வரைந்து கொடுத்திருக்கிறாள். ண எங்கள் எல்லோருக்கும் தகராறு. அகலம் ஜாஸ்தி, ஒரு எழுத்துக்குக் கொடுத்த இடத்தில் மூன்று சுழியும் கொள்ளாது, இறுக்கினால் ன மாதிரி ஆகிவிடும். உங்கள் முதலாளி ‘பிறகு பார்க்கவும்’ என்று எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கடைசியாக ஒன்று. டிபிஎஃப்பில் ஒரு ரெக்கார்டை டெலீட் போட்டால் அது போகாது. ரெக்கார்டின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ரீகால் போட்டால் திரும்பி வரும். பேக் என்று தனியாக ஒரு கமாண்ட் போட்டால்தான் நிஜமாகவே போகும். நாங்கள் பேக் போடுவது வருஷத்துக்கு ஒரு தடவை, பேக்கப் எடுத்த பிறகு, ஏப்ரலில். கோடையும் அப்படியே செய்யுங்கள். மெனுவை முதலில் மறைத்துவையுங்கள், ‘இது வேண்டுமென்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்’ என்று எழுதி. ஒரு மார்ச் தாண்டட்டும்.

ஆடிட்டர்ஆபீஸ்மூன்றாம்மாடி எழுதியது:

மன்னிக்கவும், நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை. மண்ணடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். கொத்தமல்லி கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், எங்கள் ஆபீஸாகக்கூட இருக்கலாம்.

பெரியவர் சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியது அன்று பார்ட்டி கையில் கொடுத்த காகிதத்தில் என்ன இருந்ததோ அது. ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் அதிகாரி முன்னால் கூச்சம்தான். ஐம்பது காசும் அதற்கு மேலும் வந்தால் ஒரு ரூபாயாக ஏற்றச் சொல்வது ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு. அது ஜிஎஸ்டி வரித்தொகைக்கு. அதைக் கொண்டுபோய் 2009 பில்லில் போட்டால் எப்படி?

எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்றால், 36-வது பிரிவுப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024-25 கணக்குக்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31 என்றால் 2031 டிசம்பர் 31 வரை. அப்பீல் நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஒரு வருஷம் வரைக்கும், இரண்டில் எது பிந்தியதோ அது. வாட் காலத்து வழக்கே எங்களிடம் இரண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பழைய பில்லைத் திறக்க முடியாமல் மட்டும் செய்துவிடாதீர்கள்.

டிபிஎஃப் விஷயம்: எங்களிடம் வரும் கடைகளில் சிலர் ஏப்ரல் முதல் வாரம் பென் டிரைவில் டிபிஎஃப்தான் கொண்டுவருவார்கள். எங்களுக்கு அதில் பிரியம் ஒன்றும் இல்லை. எக்செலில் கொடுத்தால் இன்னும் சௌகரியம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பில்லிங்வேளச்சேரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக டாட்பிராம்ப்ட் சாருக்கு. 4,312.50-தான் சார். பில்லை எடுத்துப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை பறக்கும் ரயிலில் பீச் ஸ்டேஷனில் இறங்கி, நாலில் ஒன்றான கோவிந்தப்ப நாயக்கன் தெருக் கடைக்கு நடந்தே போனேன். மொத்த மளிகை. உள்ளே நுழைந்ததும் பெருங்காயமும் மிளகாய் நெடியும். பிரிண்டர் ஒரு பழைய லுங்கித் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது, மேலே மஞ்சள் தூள் படிந்து. கணக்கப்பிள்ளைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தெர்மல் பிரிண்டர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பில் போட்டுக் காட்டினார். மூன்று தாள், நடுவில் கார்பன். மேல் தாள் பார்ட்டிக்கு. இரண்டாவது லோடுமேன் கையில், சரக்கோடு லாரி ஷெட்டுக்கு. மூன்றாவதைப் பக்கத்தில் நின்ற கம்பியில் குத்தினார். “ஒரு தடவ அடிச்சா மூணும் ஒரே கணக்கு. தனித்தனியா அடிச்சா எவன் நம்புவான்? லாரி ஷெட்ல மூட்டை கொறஞ்சா இந்தக் காயிதந்தாம்மா சாட்சி.”

அவருக்கு டாம் எழுத்து, யூனிகோட் எதுவும் கணக்கில் இல்லை. ஒரே அடியில் மூன்று படி வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக அடித்தால் மூன்று படியும் வரும், ஆனால் ஒரு பில்லுக்கு ஆகிற நேரம்! காலை ஆறரைக்கு லாரி கிளம்புகிற கடையில் அது நடக்காது. அங்கேயே லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பின்னால் இரண்டு லோடுமேன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க. ஆகவே அந்தக் கோட் ‘பழசு’ ஃபோல்டரைவிட்டு வெளியே வந்துவிட்டது. ‘மூன்றுபடி’ என்று புதுப் பெயர், டெஸ்ட், கமென்ட் எல்லாம். யூனிகோடிலிருந்து நேராகப் புள்ளிக்குப் போகிறது, நடுவில் டாம் இல்லை.

டிபிஎஃப்புக்கு நாலு கடையில் மூன்றில் ஆளே இல்லை. ஒரு கடையில் அந்த ஃபோல்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல், ஒன்றைக்கூட யாரும் திறந்ததில்லை. நாலாவது செங்குன்றத்தில் அரிசி மண்டி. ஞாயிற்றுக்கிழமை முதலாளியே எக்செலில் திறந்து வாரத்துக்கு எத்தனை மூட்டை போனது என்று பார்க்கிறார். அதற்காகவே கம்ப்யூட்டரில் டாம் ஃபாண்ட் வைத்திருக்கிறார். நேராக எக்செல் ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “எல்லாம் சரிம்மா, எழுத்து அந்தப் பழைய எழுத்து மாதிரி அழகா வரலையே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. 163 கடைக்கும் பையனும் நானும் போன் போட்டோம். 19 கடை ஏப்ரலில் கையால் டிபிஎஃப் எடுத்து ஆடிட்டருக்குக் கொடுக்கிறார்கள். அக்டோபர் லாகை நம்பித் தூக்கியிருந்தால், ஏப்ரல் முதல் வாரம் முதலாளி வீட்டு லேண்ட்லைன் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் மாடி சார் சொன்னபடி அதே மெனுவில் எக்செல் முதல் பட்டன், டிபிஎஃப் இரண்டாவது பட்டன். டிபிஎஃப்பை அழுத்தினால் எங்கள் நம்பர் வரும்.

வரிக் கணக்கு: ஒரு கடையின் டேட்டாவை வைத்து ஒத்துப் பார்த்தேன். 61 பில் உதைத்தது. 58 அந்த ஐம்பது காசு. மீதி மூன்று, 2003-ல் யாரோ பில்லைக் கையால் திருத்திவிட்டு லெட்ஜரைத் தொடாமல் விட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். “அவன் வேலைய விட்டுப் போயி இருவது வருஷமாச்சு, விடும்மா” என்றார். மற்ற கடைகளுக்கும் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஸ்ரீ. கர்னல்படிப்பவன் சார், உங்களுக்குக் கோயில் கட்டலாம். எங்கள் மாற்றியை 2003-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அது எல்லாவற்றையும் ஸ வைத்து எழுதியிருக்கிறது. பிறகு புதிதாக டைப் செய்தவர்களில் சிலருக்கு ஶ விழுந்திருக்கிறது. தேடினால் 23 பார்ட்டிகள் இரண்டிரண்டாக இருக்கிறார்கள். ஒரே ஆள், கண்ணுக்கு ஒரே பெயர். அதில் ஒருவருக்கு ஒரு லெட்ஜரில் 38,400 பாக்கி, இன்னொன்றில் 15,000 அட்வான்ஸ். அவரிடம் நாலு வருஷமாக முழு 38,400-ஐயும் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல, இவர்கள் திரையைக் காட்ட. இதை ‘பழசு’ ஃபோல்டரில் தேடினால் கிடைத்திருக்காது. தப்பு எழுதியது பழைய கோட்தான், உட்கார்ந்திருப்பதோ எங்கள் புது டேட்டாபேஸில்.

ரீபேஸ்ராஜா எழுதியது:

சரி, வாபஸ். ஆனா மொத்தத்துல எவ்ளோ வரி போச்சு?

பில்லிங்வேளச்சேரி எழுதியது:

இன்றைக்குச் சுத்தமாகப் போனது ஒன்றுமில்லை தம்பி. 7,000 வரிக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். பேக் ஏப்ரலுக்கு அப்புறம்.

டாட்பிராம்ப்ட் எழுதியது:

கோவிந்தப்ப நாயக்கன் தெருக் கடையில் இருப்பது எந்த மாடல் பிரிண்டர்? என் பரணில் ஒரு 24 ஊசி ஹெட் சும்மா கிடக்கிறது, பொருந்தினால் கொடுத்துவிடுகிறேன். ண-வைப் பார்த்தீர்களா?

பில்லிங்வேளச்சேரி எழுதியது:

மாடல் கேட்டுச் சொல்கிறேன் சார். ண இன்னும் ன மாதிரித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிராஃப் பேப்பர் வாங்க வேண்டும்.